ரப்பர் பாலும் புற்றுநோய் மருந்தும்
லகாட் பக்கம் பால்மரம் வெட்டியவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான்: அமோனியா விட்டால் பால் உறையாது, பார்மிக் அமிலம் விட்டால் கட்டியாகிவிடும். ரப்பர் துகளின் புரத உறையில் எதிர்மின்னூட்டம் உண்டு. அதனால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும். அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி அந்த மின்னூட்டத்தைச் சமன்செய்ததும் மோதி, உறை கிழிந்து ஒட்டிக்கொள்ளும். எஸ்.பி.எம். விடையில் மின்னூட்டத்தைச் சொல்லாமல் விட்டால் புள்ளி போச்சு!

புற்றுநோய் மருந்து சுமக்கும் நானோ துகளுக்கும் இதே சிக்கல்தான். இரத்தத்திலுள்ள உப்பு மின்னூட்டத்தை மறைத்துவிடும். ஆகவே பாலிஎத்திலீன் கிளைகோல் இழைகளைப் போர்த்துகிறார்கள். இழை நுனியில் போலிக் அமிலத்தை இணைத்தால், சூலகப் புற்றுச் செல்கள் பலவற்றில் மிகுந்திருக்கும் போலேட் ஏற்பி அதைப் பிடித்துக்கொள்ள, செல் துகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். துகள்கள் திரண்டுவிட்டாலோ, பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் வழியிலேயே வடிகட்டிவிடும். ஏற்பி வரைக்கும் போய்ச் சேராது.