கையொப்பமிடுமுன்

கிணற்றுக்கு மோட்டார் வைக்கவோ தறி வாங்கவோ கடன் பெறும்போது, நம் அங்கத்தினர்கள் பத்திரத்தை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்கின்றனர். அதே வீட்டுப் பெண் நூற்பாலை வேலைக்குப் புறப்படும்போது மாத்திரம், தரகர் காட்டிய இடத்தில் கையொப்பமிட்டுவிடுகின்றனர். இந்த வேற்றுமை ஏனென்று நமக்கு விளங்கவில்லை.

கோவை, ஈரோடு, திண்டுக்கல் முதலிய மாவட்டங்களின் ஆலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரால் நடந்துவந்த ஏற்பாட்டை வாசகர் அறிவர். பெண் மூன்றாண்டுகள் விடுதியில் தங்கி உழைப்பாள். மாதந்தோறும் சிறு தொகை பெறுவாள். முடிவில் கலியாணச் செலவுக்கென ஒரு மொத்தத் தொகை கைக்கு வரும். பெயர் மங்களகரமானதுதான். கணக்கைப் பார்ப்போம். அவளுக்குச் சேரவேண்டிய கூலியில் நாளொன்றுக்கு 40 ரூபாய் நிறுத்திவைக்கப்பட்டால், மாதம் 26 நாள் வீதம் 36 மாதங்களில் அது 37,440 ரூபாயாகும். இறுதியில் 35,000 ரூபாய் கொடுத்தால் அது பரிசன்று. அவளுடைய பணமே, குறைந்து, வட்டியுமின்றித் திரும்புகிறது. முப்பத்துநான்காம் மாதத்தில் நோயுற்று வீடு வந்தாலோ, அத்தொகை இல்லையென்று கைவிரிக்கப்பட்ட பெண்கள் பலர்.

ஆகையால் முதலிற் கேட்கவேண்டியது மொத்தத் தொகையையன்று, நாட்கூலியை. அது அரசாங்கம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாததா? விடுதிக்கும் உணவுக்கும் எவ்வளவு பிடிக்கப்படும்? சேமநல நிதியில் ஆலை செலுத்தவேண்டிய பங்கையும் மொத்தத் தொகைக்குள் அடக்கிக் காட்டுகிறார்களா? இடையில் விலகினால் அதுவரை சேர்ந்தது கிடைக்குமா? விடைகள் எழுத்தில் இருக்கவேண்டும். தரகரின் வாய்மொழி ஆலையைக் கட்டுப்படுத்தும் என்று நம்பியிருக்க இயலாது.

குறைந்த கூலிக்குச் சம்மதித்துக் கையொப்பமிட்டாயிற்றே என்று அஞ்சுவோர் உளர். ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பசியின் நெருக்கடியும் ஒரு கட்டாயமே என்பது அத்தீர்ப்பின் கருத்து.

வயது பற்றியும் ஒரு சொல். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி பதினெட்டு நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. 1903-இலேயே பிரிவி கவுன்சில் இதனை உறுதிசெய்துள்ளது. வயதைக் கூட்டி எழுதித் தருமாறு தரகர் கேட்டால், அந்த வேலையையே சந்தேகிக்கலாம்.

கல்வி கற்ற பிள்ளைகளுக்கு நீட்டப்படும் ஒப்பந்தங்களில் வேறொரு ஷரத்து உண்டு. வேலையை விட்டபின் அதே தொழிலில் வேறெங்கும் சேரக்கூடாது என்பது அது. மேற்படிச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு அதனைச் செல்லாததாக்குகிறது. ஆனால் குறித்த காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்டவேண்டும் என்ற ஷரத்தை அவ்வாறே தள்ளிவிட முடியாது. மூன்றாண்டுகளுக்கு முன் விலகினால் 2 லட்ச ரூபாய் என்று ஒரு வங்கி விதித்ததை 2025-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எனவே தொகையைப் பார்த்துக் கட்டுப்படியாகுமா என்று எண்ணியே ஒப்பவேண்டும்.

அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிடாமல் நகல்களையே தருக. நிரப்பப்படாத தாளிலோ முத்திரைத்தாளிலோ கையொப்பமிட வேண்டா. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தால், ஒருநாள் அவகாசம் கேட்டுச் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவந்து படித்துக் கேளுங்கள். கையொப்பமிட்ட பிரதி ஒன்று வீட்டுப் பெட்டியில், நிலப் பத்திரத்தோடு இருக்கட்டும்.