ஸ்டியரிங்கைத் திருப்பினால் எண்ணெய் திரும்பும்

மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் பெரியாறு பாசன வயல்களில் நெல் முற்றிவிட்டால் அறுவடை வண்டிகள் வந்து இறங்கிவிடும். ஈரம் காயாத வயலுக்கு பெல்ட் வண்டி, காய்ந்த வயலுக்கு டயர் வண்டி. டயர் வண்டி வரப்போரம் வளையும்போது கவனியுங்கள்: முன்னாலுள்ள பெரிய டயர்கள் திரும்பாது, பின்னாலுள்ள சின்ன டயர்கள்தான் திரும்பும். கதிர் வெட்டும் பகுதியின் பாரம் முன்னால் இருப்பதால் இந்த ஏற்பாடு. டிரைவர் ஸ்டியரிங் குமிழை ஒரு கையால் சுழற்றிக்கொண்டே மறுகையால் லீவரைத் தள்ளுகிறார்.

பல டன் வண்டி அவ்வளவு லேசாக வளைவது எப்படி? அந்த ஸ்டியரிங்கை டயரோடு இணைக்கும் கம்பியோ தண்டோ கிடையாது. எண்ணெய் ஓடும் ஹோஸ்கள் மட்டும்தான். ஜேசிபியிலும் இதே கதைதான் (எந்தக் கம்பெனி வண்டியானாலும் நமக்கு அது ஜேசிபிதானே). குவாரி லோடர்களிலோ டயர் தனியாகத் திரும்புவதே இல்லை; இரண்டு சிலிண்டர்கள் வண்டியையே இடுப்பில் மடக்குகின்றன.

ஸ்டியரிங் தண்டின் அடியில் கையடக்கமான ஒரு யூனிட் இருக்கிறது. அதற்குள் ஒரு வால்வு; 7 குழிவுள்ள வளையத்துக்குள் உருளும் 6 பல் ரோட்டார். ஸ்டியரிங்கைத் திருப்பினால் அந்தப் பக்கத்துக்கு வால்வு திறக்கும். இன்ஜின் ஓட்டும் பம்ப் அனுப்புகிற எண்ணெயை ரோட்டார் அளந்து சிலிண்டருக்குள் விடும். எவ்வளவு திருப்பினோமோ அவ்வளவு எண்ணெய்தான் போகும். கை நின்றதும் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். 50 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிண்டரில் 100 பார் அழுத்தம் ஏறினால் கிட்டத்தட்ட 2 டன் விசை கிடைக்கும். டிரைவரின் கை வால்வைத் திறக்கிறது. டயரைத் தள்ளுவது இன்ஜின்.

இன்ஜின் நின்றுபோனால் அதே ரோட்டார் கைப்பம்பாக மாறும். வண்டி திரும்பும், ஆனால் தோள்பட்டை கழன்றுவிடும். ஹோஸ் வெடித்தால் அதுவும் இல்லை. இன்ஜின் அணைந்த வண்டியைச் சரிவில் கட்டி இழுப்பது ஆபத்து என்பது இதனால்தான்.

வால்வுக்குள் இருக்கும் இடைவெளி தலைமுடியைவிட மெல்லியது. வைக்கோல் தூசியும் குவாரி மாவும் பறக்கும் இடத்தில் எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்துபோட்டு எண்ணெய் ஊற்றினால் அங்கே கீறல் விழும், எண்ணெய் உள்ளுக்குள்ளேயே கசியும், ஸ்டியரிங் சும்மா சுற்றும். மெக்கானிக்குகள் உடனே யூனிட்டை மாற்றச் சொல்வார்கள்; அதற்கு முன் சிலிண்டர் சீலைச் சோதிக்கச் சொல்லுங்கள், கசிவு அங்கேயும் இருக்கலாம். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

மணிக்கணக்கில் வாடகை ஓடுகிற வேகத்தில் எண்ணெயிலுள்ள தூசியைப் பிடிக்கும் ஃபில்டரை மாற்றுவதற்காக யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. வண்டி வைத்திருப்பவர்களே, ஒரு யூனிட்டின் விலையில் பல ஃபில்டர்கள் வாங்கலாம். அடுத்த அறுவடைக்கு வண்டி கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள்.