பண்டிகைக்கு முன்பே காலியாகும் பலகாரம்

பண்டிகைச் சரக்குக்கு நாள் கணக்கு உண்டு. பொங்கல் கழிந்தபின் கரும்புக் கட்டு என்ன விலைக்குப் போகும் என்பதை வணிகப் பெருமக்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பண்டிகை நாள் வரை சரக்கு கையில் இருக்க வேண்டும். நாள் போனபின் இருக்கக் கூடாது. பண்டிகை வியாபாரத்தின் சூட்சுமம் இவ்வளவுதான்.

இங்கிலாந்தில் ஒரு கிறிஸ்துமஸ் பலகாரம் இந்தக் கணக்கையே மாற்றிவிட்டது. டிசம்பர் 25ஆம் தேதிக்கென்று ஏற்பட்ட அந்தப் பலகாரத்தை மக்கள் அக்டோபர், நவம்பரிலேயே வாங்கித் தின்று தீர்த்துவிடுகிறார்கள். தீர்ந்ததும் மறுபடியும் வாங்குகிறார்கள். அதன் பெயர் 'மின்ஸ் பை'. பொறுக்க மாட்டாத இந்த ஆசையின் மேல் பெரியதொரு வியாபாரமே நடக்கிறது. அதில் நம்மைப் போன்ற சிறு வணிகர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

மளிகைக் கடையே அடங்கிய பூரணம்

மின்ஸ் பை உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மைதாவையும் வெண்ணெயையும் பிசைந்து, சிறு கிண்ணம் போல் செய்து, உள்ளே பூரணம் வைத்து, மேலே மாவினால் மூடி, அடுப்பில் வேகவைத்து எடுப்பார்கள். கடித்தால் ஓடு பொடிந்து உதிரும். நம் சோமாசிக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். ஆனால் எண்ணெயில் பொரிப்பதில்லை.

பூரணத்தில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று வகை உலர்ந்த திராட்சை, ஆப்பிள், பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல், பழுப்புச் சர்க்கரை, பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், கொஞ்சம் கொழுப்பு, கொஞ்சம் பிராந்தி. பாதிக்கு மேல் நம் கடை அலமாரியில் உள்ள சரக்குதான். பட்டை இலங்கையிலிருந்தும், கிராம்பும் ஜாதிக்காயும் இன்றைய இந்தோனேசியாவின் மொலுக்கஸ் தீவுகளிலிருந்தும் கப்பலேறி ஐரோப்பா சேர்ந்த காலத்தில், அவை தங்கம் போல் மதிக்கப்பட்டவை. அவ்வளவு விலை கொடுத்து வாங்கியதைப் பண்டிகை நாளுக்கென்று ஒதுக்கி வைத்ததில் வியப்பில்லை.

'மின்ஸ்' என்றால் கொத்திய இறைச்சி. பெயருக்கு ஏற்றபடி பழைய காலத்தில் ஆட்டிறைச்சியோ மாட்டு நாக்கோ பூரணத்தில் உண்மையாகவே சேர்ந்தது. நாளடைவில் இறைச்சி குறைந்து, 19ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் பெரும்பாலும் மறைந்துவிட்டது. மாட்டுக் கொழுப்பு மட்டும் தங்கியது. இன்று பல தயாரிப்பாளர்கள் அதையும் விட்டுத் தாவரக் கொழுப்பு சேர்க்கிறார்கள். ஆனாலும் எல்லாப் பெட்டியும் ஒன்றல்ல. சைவர்களுக்கும், மது தொடாதவர்களுக்கும் விற்கும் கடைக்காரர் பெட்டியின் பின்புறத்தைப் படித்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்று காத்திருந்தார்கள்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்களைத் திருவருகைக் காலம் என்பார்கள். பழைய திருச்சபை வழக்கப்படி அது நோன்பும் ஒறுத்தலும் உள்ள காலம். பலகாரம் என்பது கிறிஸ்துமஸ் அன்றுதான் தொடங்கும். அன்று முதல் 12 நாட்கள், நாளுக்கு ஒரு மின்ஸ் பை தின்றால் வருகிற 12 மாதமும் நல்லபடியாக இருக்கும் என்பது அந்நாட்டு மக்களின் பழைய நம்பிக்கை. ஆக, கணக்கு 25ஆம் தேதிக்குப் பிறகுதான்; முன்பு அல்ல.

இங்கிலாந்துக் கடற்படை அலுவலகத்தில் பணியாற்றிய சாமுவேல் பீப்ஸ் என்பவரின் நாட்குறிப்பு உலகப் புகழ் பெற்றது. 1666ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று, தம் மனைவி விடியற்காலை 4 மணி வரை கண்விழித்து, பணிப்பெண்கள் மின்ஸ் பை செய்வதை மேற்பார்த்தார் என்று அதில் எழுதியிருக்கிறார். பண்டிகைக்குப் பலகாரம் பண்டிகை விடியும்போதுதான் தயாராயிற்று. 1647இல் நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ் பண்டிகையையே ரத்து செய்து ஆணையிட்டதும் உண்டு. 1660இல் மன்னராட்சி திரும்பியதும் பண்டிகையும் திரும்பிவிட்டது.

இன்று செப்டம்பரிலேயே கடைக்கு வருகிறது

இப்போது நிலைமை வேறு. டெஸ்கோ, செயின்ஸ்பரி போன்ற பெரிய அங்காடிகளில், கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்த சூட்டோடு மின்ஸ் பை பெட்டிகள் அடுக்கப்பட்டுவிடுகின்றன. "செப்டம்பரிலேயே கிறிஸ்துமஸா?" என்று ஆண்டுதோறும் மக்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுத்துக்கொண்டே ஒரு பெட்டியைக் கூடையிலும் போட்டுக்கொள்கிறார்கள்.

இதில் உள்ள வியாபார நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வான்கோழி ஒரு வீட்டுக்கு ஒன்று போதும். கிறிஸ்துமஸ் புட்டிங்கை முன்கூட்டி வாங்கினாலும் அன்றைய விருந்து வரை யாரும் அதைத் திறப்பதில்லை. எப்போது விற்றாலும் அது ஒரே ஒரு விற்பனைதான். மின்ஸ் பை அப்படியல்ல. பெரும்பாலும் 6 உள்ள பெட்டியாக வருகிறது. சமைக்க வேண்டாம், வெட்ட வேண்டாம். குளிர் தொடங்கும் மாதம், பக்கத்தில் சூடான தேநீர். ருசி பார்க்க ஒன்று, திடீரென்று வந்த விருந்தாளிக்கு இரண்டு, பிள்ளைகளுக்கு மூன்று, பெட்டி காலி. எந்தக் கடையின் சரக்கு இவ்வருடம் சிறந்தது என்று பத்திரிகைகள் வேறு ருசிப் போட்டி நடத்தி ஆசையைத் தூண்டுகின்றன. பண்டிகைக்கென்று வாங்கியது பண்டிகைக்கு முன் தீர்வதால், அதே வீட்டுக்கு மூன்று நான்கு முறை விற்க முடிகிறது.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது வணிகனுக்கும் பொருந்தும். சீக்கிரம் விற்பதில் தவறில்லை. தவறு வேறிடத்தில் நேர்கிறது.

பெட்டியில் அச்சான தேதி

திராட்சைப் பூரணம் சர்க்கரையாலும் மதுவாலும் நெடுநாள் கெடாது. புட்டியில் அடைத்தால் மாதக் கணக்கில் இருக்கும். ஆனால் மாவு ஓட்டுக்குள் வைத்துவிட்டால் ஓடு நமத்துப் போகும். எனவே பெட்டிக்குச் சில வாரங்களே ஆயுள். செப்டம்பரில் விற்ற கிறிஸ்துமஸ் பெட்டிகளில் கிறிஸ்துமஸுக்கு முன்பே முடிந்துவிடும் தேதி அச்சிட்டிருந்ததைப் பிரிட்டிஷ் பத்திரிகைகள் பலமுறை கேலி செய்து எழுதியுள்ளன. இன்றைக்குத் தின்ன வாங்குபவருக்கு அதனால் நஷ்டமில்லை. பண்டிகைக்கென்று வாங்கிப் பத்திரமாக வைத்தவர்தான் ஏமாறுகிறார். அவர் தயாரிப்பாளரைத் தேடிப் போக மாட்டார். விற்ற கடைக்காரரைத்தான் கேட்பார்.

அந்நாட்டில் தேதி இருவகை. இந்தத் தேதிக்குள் நல்ல ருசியாக இருக்கும் என்பது ஒன்று. அது கடந்தபின்னும், பொருள் கெடாமல் இருந்தால், விற்கச் சட்டம் இடம் தருகிறது. இந்தத் தேதிக்குப் பின் உண்ணக் கூடாது என்பது மற்றொன்று; அது கடந்தபின் விற்பது குற்றம். நம் நாட்டிலும் 2020 அக்டோபர் 1ஆம் தேதி முதல், பெட்டியில் அடைக்காமல் தட்டில் வைத்து விற்கும் இனிப்புகளுக்குக்கூட எத்தனை தேதி வரை நன்றாக இருக்கும் என்று எழுதி வைக்க வேண்டுமென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் கட்டாயமாக்கியது. தேதியை மறைக்கும் கடையைவிட, தேதியைக் காட்டி "இது இப்போது சாப்பிட, பண்டிகைக்கு அடுத்த சரக்கு வரும்" என்று சொல்லும் கடைக்கே வாடிக்கையாளர் திரும்ப வருவார்.

சின்னக் கடைக்கு ஒரு நாள்

லண்டனில் தெருமுனைக் கடை நடத்துவோரில் இலங்கைத் தமிழர்கள் பலர் உண்டு. மின்ஸ் பை விலையில் பெரிய அங்காடிகளோடு சின்னக் கடைகள் மோத முடியாது. ஆனால் ஒரு நாள் மட்டும் சட்டமே சின்னக் கடையின் பக்கம் நிற்கிறது. 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 3,000 சதுர அடிக்கு, மேற்பட்ட கடைகள் கிறிஸ்துமஸ் அன்று திறக்கக் கூடாது. சின்னக் கடைகளுக்குத் தடையில்லை.

டிசம்பர் முழுதும் தின்று தீர்த்த வீட்டில் 25ஆம் தேதி காலை டப்பாவைத் திறந்தால் வெறும் டப்பா. வாசலில் விருந்தாளி. அப்போது திறந்திருப்பது தெருமுனைக் கடை ஒன்றுதான். அன்று அலமாரியில் பத்துப் பெட்டி வைத்திருப்பவரே பண்டிகையை அறிந்த வணிகர். மறுநாளோ பெரிய கடைகள் மீந்ததைப் பாதி விலைக்குத் தள்ளத் தொடங்கிவிடும். ஆகவே வைத்திருக்கும் பத்து, ஐம்பதாகவும் ஆகிவிடக் கூடாது.

கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் ஆசை

வாடிக்கையாளரின் ஆசையைப் பேசினோம். கடைக்காரரின் ஆசையையும் பேசத்தான் வேண்டும். 80 ரூபாய்க்குக் கொள்முதல் செய்த பெட்டியை 100 ரூபாய்க்கு விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். லாபம் 20 ரூபாய். நாமோ வீட்டுப் பிள்ளைகளோ ஒரு பெட்டியைப் பிரித்துத் தின்றுவிட்டால் போவது 80 ரூபாய் முதல். அதை ஈடுகட்ட 4 பெட்டி விற்க வேண்டும். அந்த நாலு பெட்டிக்கும் நாம் சும்மா உழைத்ததாக ஆகும். தின்ன வேண்டாம் என்று சொல்லவில்லை. தின்றதை வீட்டுப் பற்றில் எழுத வேண்டும் என்கிறோம். எழுதத் தொடங்கினாலே கை தானாகக் குறையும்.

கவனத்தில் வைக்க

தீபாவளி, கிறிஸ்துமஸ், ரம்ஜான் எதுவானாலும் பண்டிகைச் சரக்கில் நான்கைக் கவனிக்கலாம்.

1. கொள்முதலை ஒரே தவணையில் முடிக்காமல் இரண்டு மூன்றாகப் பிரியுங்கள். பத்துக்கு ஒன்று இலவசம் என்று ஏஜென்ட் சொல்வதும் ஆசை காட்டுவதுதான்.

2. முன்கூட்டி விற்கும் சரக்கின் தேதி பண்டிகை வரை வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

3. பண்டிகை அன்றைக்கென்று ஒரு சிறு பங்கை எடுத்து வையுங்கள். அவசரத்துக்கு வருபவரைக் கைவிரித்து அனுப்பாதீர்கள். அவசரத்தைப் பார்த்து விலையை ஏற்றவும் வேண்டாம்.

4. வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு பொட்டலத்தையும் கணக்கில் எழுதுங்கள்.

பண்டிகைக்கு முன்பே பலகாரத்தில் கை வைப்பது மனித சுபாவம். அதை நம்பி வியாபாரம் செய்யலாம். ஆனால் பண்டிகை அன்று வருபவருக்கும் நல்ல சரக்கு கிடைக்க வேண்டும். அந்தப் பொறுப்பு வணிகருடையது.