நர்சிங் சீட்டும் நகை அடகும்

1922-இல் எவரெஸ்ட் ஏற வந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஹோவர்ட் சோமர்வெல், நாடு திரும்பும் முன், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரியை எட்டிப் பார்த்தார். அத்தனை நோயாளிகளுக்கும் அங்கே ஒரே ஒரு அறுவை மருத்துவர்தான். லண்டன் உத்தியோகத்தை உதறிவிட்டு நெய்யூருக்கே வந்துவிட்டார் சோமர்வெல். அவருக்கு வெகு முன்பே, 1838-இல், லண்டன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் ராம்சே இங்கே வைத்தியத்தைத் தொடங்கினார். 1860-களில் டாக்டர் லோ உள்ளூர் இளைஞர்களுக்கே மருத்துவப் பயிற்சி கொடுத்தார். படித்து வேலை பழகும் வழக்கம் இந்த ஊருக்கு அவ்வளவு பழையது.

இன்றும் பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் திங்கள்சந்தை முதல் குளச்சல் வரை பல வீடுகளில் நர்சிங் பேச்சுதான். கூடவே பெங்களூரு, மங்களூரு கல்லூரிகளுக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்டுகளும் வந்துவிடுகிறார்கள். முதல் வருட ஃபீஸைக் குறைத்துச் சொல்வார்கள். ஹாஸ்டல், மெஸ், யூனிஃபார்ம், தேர்வுக் கட்டணம் எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக வரும். இரண்டாம் வருடம் அம்மாவின் வளையல் அடகுக்குப் போகும். நான்கு வருடத்துக்குமான மொத்தச் செலவையும் எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்டக் கூடாது.

செலவு குறைந்த வழி அரசு இடம்தான். தமிழக அரசுக் கல்லூரிகளில் பி.எஸ்சி. நர்சிங் கல்விக் கட்டணம் தனியாரோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு கலந்தாய்வு நடத்துகிறது. தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் இதே கலந்தாய்வில்தான் வருகின்றன. விண்ணப்பத் தேதியைத் தவறவிட்டு, பிறகு மேனேஜ்மென்ட் சீட்டுக்கு லட்சங்களைக் கொட்டும் குடும்பங்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

மூன்று வருட ஜி.என்.எம். நர்சிங் டிப்ளமோவைச் சிலர் மட்டமாகப் பார்க்கிறார்கள். அது தவறு. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் செவிலியர் தேர்வை டிப்ளமோ முடித்தவரும் எழுதலாம், பட்டதாரியும் எழுதலாம். பட்டம் வேண்டுமென்றால் பின்னர் இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இருக்கிறது. கையில் காசில்லாத வீட்டுக்கு, சீக்கிரம் சம்பளம் வாங்கி மேலே படிப்பது நல்ல வழி.

ஆறு மாதம், ஒரு வருடம் என்று 'நர்சிங்' சான்றிதழ் தரும் இடங்கள்தான் ஆபத்து. ஃபீஸ் குறைவு, ஆனால் அதை வைத்து தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு எண் இல்லாதவர் உதவியாளராக இருக்கலாம், நர்ஸ் ஆக முடியாது. சேரும் முன் இந்திய நர்சிங் கவுன்சில், மாநில கவுன்சில் இரண்டின் பட்டியலிலும் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரிக்கு நேரிலும் போய்ப் பார்க்க வேண்டும். பி.எஸ்சி. கல்லூரிக்குக் குறைந்தது 100 படுக்கை கொண்ட சொந்த ஆஸ்பத்திரி வேண்டும் என்பது விதி. வார்டில் கட்டில்கள் காலியாகக் கிடந்தால், ஊசி போடவும் டிரிப் ஏற்றவும் பிள்ளை எங்கே பழகும்? நெய்யூரிலேயே பழைய மிஷன் ஆஸ்பத்திரியும் புற்றுநோய் மையமும் இருப்பதால், ஆள் நிறைந்த வார்டு எப்படி இருக்கும் என்பது உள்ளூர்ப் பெற்றோருக்குத் தெரியும்.

பணத்துக்கு வழிகள் உண்டு. 6 முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். ஆதிதிராவிடர் மாணவர்களுக்கும், கிறிஸ்தவம் தழுவிய ஆதிதிராவிடர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் வருமான வரம்புக்கு உட்பட்டு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. மதம் மாறியதால் கிடைக்காது என்று எண்ணி விண்ணப்பிக்காமல் விட்டுவிட வேண்டாம். வங்கிக் கல்விக் கடனில் 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது. தட்டிக்கழிக்கும் கிளையிடம் மறுப்பை எழுத்தில் கேட்டால் பேச்சு மாறும்.

வெளிநாட்டுக் கனவு இருந்தால் அதற்கும் தனியாகப் பணம் எடுத்து வைக்க வேண்டும். வளைகுடாவுக்கு ப்ரோமெட்ரிக் தேர்வு, பிரிட்டனுக்கு ஓ.இ.டி. போன்ற ஆங்கிலத் தேர்வு, ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே நர்சுகளை அனுப்புகிறது. தனியார் ஏஜென்டிடம் பேசும் முன் அங்கே விசாரிப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.