மைலேஜா, இழுவையா? எஞ்சினைத் தேர்வு செய்யும் முன் ஒரு கணக்கு!

'மரவள்ளி, மஞ்சள் சாகுபடி செய்கிறேன். தோட்டம் ஊரிலிருந்து 3 கிலோமீட்டர். வாரம் ஒருமுறை ஆத்தூர் போவேன். எப்போதாவது குடும்பத்தோடு பச்சைமலைக்குப் போவோம். எஸ்.யூ.வி வாங்க நினைக்கிறேன். மைலேஜ் தரும் சின்ன எஞ்சின் வாங்கலாமா, இழுவை அதிகமுள்ள பெரிய எஞ்சின் வாங்கலாமா?'

- கெங்கவல்லி வாசகர் ஒருவர்.

கிழங்கு விற்ற பணம் கைக்கு வந்ததும் பலருக்கும் எழும் கேள்வி இது. பதிலை டிராக்டரிலிருந்து தொடங்கலாம்.

45 ஹெச்.பி டிராக்டர், டிரெய்லர் நிறைய மரவள்ளிக் கிழங்கை இழுக்கிறது. 90 ஹெச்.பி காரால் அது முடியாது. டிராக்டர் எஞ்சின் குறைந்த சுற்றிலேயே நல்ல முறுக்குவிசையை (டார்க்) தருகிறது. கியர்கள் அதைப் பல மடங்காக்கிச் சக்கரத்துக்கு அனுப்புகின்றன. ஆகவே, ஹெச்.பி-யை மட்டும் பார்க்காதீர்கள். டார்க் எவ்வளவு, எத்தனை சுற்றில் கிடைக்கிறது என்று கேளுங்கள்.

உதாரணமாக, மஹிந்திரா பொலிரோவின் 1.5 லிட்டர் டீசல் எஞ்சின் சுமார் 75 ஹெச்.பி-தான். ஆனால், 1,600 சுற்றிலேயே 210 நியூட்டன் மீட்டர் டார்க் தருகிறது. டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின்களில் 110 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் கிடைக்கும். அதுவும் பல எஞ்சின்களில் 4,000 சுற்றை எட்ட வேண்டும். ஸ்கார்ப்பியோ கிளாசிக்கின் 2.2 லிட்டர் டீசல், சுமார் 130 ஹெச்.பி, 300 நியூட்டன் மீட்டர்.

செலவுக் கணக்கு

ஆண்டுக்கு 9,000 கிலோமீட்டர் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். சின்ன எஞ்சின் லிட்டருக்கு 15, பெரியது 12 கிலோமீட்டர் கொடுத்தால், முறையே 600, 750 லிட்டர் டீசல் தேவை. வித்தியாசம் 150 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால், ஆண்டுக்கு 13,800 ரூபாய்.

பெரிய வித்தியாசம் வரியில் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டர் நீளத்துக்கும் 1,500 சி.சி-க்கும் மிகாத டீசல் கார்களுக்கு ஜி.எஸ்.டி 18 சதவிகிதம். அதைத் தாண்டினால் 40 சதவிகிதம். வரிக்கு முந்தைய விலை 10 லட்சம் ரூபாய் என்றால், வரி வித்தியாசம் மட்டும் 2.20 லட்சம். இது அந்த டீசல் வித்தியாசத்தில் கிட்டத்தட்ட 16 ஆண்டுகளுக்குச் சமம்!

தோட்டத்துக்கு மட்டும் ஓட்டினால்?

2020 ஏப்ரலில் பி.எஸ்-6 விதி வந்த பிறகு, டீசல் கார்களின் புகைப்போக்கியில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி (டி.பி.எஃப்) இருக்கிறது. சேர்ந்த கரி எரிய, புகை நன்றாகச் சூடாக வேண்டும். தினமும் 3 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால் சூடேறாது; வடிகட்டி அடைத்துக்கொள்ளும். சுத்தம் செய்யவும் மாற்றவும் செலவு அதிகம். தோட்டத்துக்கு டூவீலரில் போங்கள். வாராவாரம் ஆத்தூர் போகும்போது, நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது

காலி வண்டியைச் சமதளத்தில் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஐந்து பேர் உட்கார்ந்து, மேட்டில் நிறுத்தி மீண்டும் கிளப்பிப் பாருங்கள். திணறாமல் ஏறினால் உங்களுக்கு அது போதும்.

வாசகரின் தேவைக்கு 1.5 லிட்டர் டீசலே சரி. அடிக்கடி ஆள் நிறைத்து மலை ஏறுபவர்களும், நெடுஞ்சாலையில் நெடுந்தூரம் போகிறவர்களும் பெரிய எஞ்சினை யோசிக்கலாம். மற்றவர்கள், மிச்சமாகும் பணத்தைச் சொட்டுநீர்க் குழாய்க்குச் செலவிட்டால், அது வருமானமாகத் திரும்பி வரும்.