பெரிய பல்லா? சின்னப் பல்லா?



மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறியிருக்கிறீர்களா? முதல் மாடிக்குச் சீக்கிரம் போய்விடலாம். நான்காவது மாடிக்குப் போவதற்குள்? தொடை கடுக்கும், மூச்சு வாங்கும். சைக்கிள் கியரின் ரகசியமும் இதுதான்.

என் பேரன் பிளஸ் ஒன் படிக்கிறான். சென்ற ஆண்டு 'டிரையத்லான்' போட்டியில் கலந்துகொண்டான். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் ஓய்வில்லாமல் முடிக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு சிட்னியில்தான் இந்தப் போட்டி முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. ஒலிம்பிக்கில் 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். என் பேரன் கலந்துகொண்டது அதில் பாதி தூரம்.

நீச்சலை நன்றாகவே முடித்தான். சைக்கிளில் ஏறியதும், இருப்பதிலேயே கனமான கியரைப் போட்டான். 20 கி.மீ. தூரமும் அதே கியர்தான்! பலரை முந்தினான். ஆனால், சைக்கிளை நிறுத்திவிட்டு ஓட ஆரம்பித்தபோது தொடை இரண்டும் மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டன. ஒரு கிலோமீட்டர்கூட ஓட முடியவில்லை. சாலையோரம் உட்கார்ந்துவிட்டான். அவன் முந்தி வந்தவர்கள் எல்லாரும் அவனைத் தாண்டி ஓடினார்கள்.

வீட்டுக்கு வந்தவன் இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. "எனக்குத் தெம்பு போதாது தாத்தா. இனிமே போக மாட்டேன்" என்றான். எனக்கு மனசு கேட்கவில்லை. "தெம்பு போதவில்லையா, கணக்கு தப்பிவிட்டதா என்று பார்த்துவிடுவோம், வா" என்றேன். 34 ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தியவன் ஆயிற்றே!

பல்லை எண்ணினோம்

சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, சாக்பீஸால் ஒரு பல்லில் கோடு போட்டு எண்ணினோம். பெடலோடு சேர்ந்த முன் சக்கரங்கள் இரண்டு. ஒன்றில் 50 பல், இன்னொன்றில் 34 பல். பின்னால் அடுக்கடுக்காக எட்டுச் சக்கரங்கள். மிகச் சிறியதில் 11 பல், மிகப் பெரியதில் 28 பல்.

முன்பல்லைப் பின்பல்லால் வகுத்தால், பெடலை ஒரு முறை சுற்றும்போது பின்சக்கரம் எத்தனை முறை சுற்றும் என்பது தெரிந்துவிடும். அவன் போட்ட கியர் 50-க்கு 11. அதாவது சுமார் நாலரைச் சுற்று. சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். ஆகவே, ஒரு மிதிக்கு சைக்கிள் ஒன்பதரை மீட்டர் ஓடும்.

"பார்த்தீங்களா தாத்தா, எவ்வளவு தூரம்!" என்றான் பேரன்.

"தூரம் சரி. அதைத் தள்ளுவது யார்? உன் முழங்கால்தானே!" என்றேன்.

எளிய கியரான 34-க்கு 28 போட்டால் ஒரு மிதிக்கு இரண்டரை மீட்டர்தான் போகும். ஆனால் மேட்டில்கூடக் கால் லேசாகச் சுற்றும். தூரம் கூடினால் பாரமும் கூடும். பாரம் குறைந்தால் தூரமும் குறையும். இரண்டையும் சேர்த்து இலவசமாகத் தரும் கியர் உலகத்தில் கிடையாது!

உலக சாதனை கியர்

பெல்ஜியம் நாட்டின் எட்டி மெர்க்ஸ், 'டூர் தெ பிரான்ஸ்' போட்டியை ஐந்து முறை வென்ற மாவீரர். 1972-இல் மெக்சிகோ நகரில், ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ. ஓட்டி உலக சாதனை படைத்தார். அந்த சைக்கிளில் இருந்தது ஒரே ஒரு கியர். முன்னால் 52 பல், பின்னால் 14 பல். ஒரு மிதிக்கு சுமார் 7.9 மீட்டர்.

கவனித்தீர்களா? உலக சாதனை வீரருக்கு 7.9 மீட்டர். என் பேரனுக்கு ஒன்பதரை மீட்டர்!

அப்படியானால் மெர்க்ஸுக்கு அத்தனை வேகம் எப்படி வந்தது? வகுத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு சுமார் 104 தடவை பெடலைச் சுற்றியிருக்கிறார். பாரத்தை மட்டும் நம்பாமல், கால் சுழலும் வேகத்தையும் நம்பினார்.

இன்னொரு செய்தி. 17, 18 வயது ஜூனியர் வீரர்கள் ஒரு மிதிக்கு 7.93 மீட்டருக்கு மேல் போகும் கியரைப் பயன்படுத்தக் கூடாது என்று சர்வதேச சைக்கிள் சங்கம் பல ஆண்டுகள் விதி வைத்திருந்தது. வளரும் முழங்காலைக் காப்பாற்றவும், கால்களை வேகமாகச் சுழற்றப் பழக்கவும்தான் இந்த ஏற்பாடு. 2023-இல் அந்த விதி நீக்கப்பட்டது. விதி போய்விட்டதே தவிர, முழங்கால் அதே முழங்கால்தான்!

எந்த கியர் போடுவது?

புதிதாகப் போட்டிக்குப் போகிறவர்கள் நிமிடத்துக்கு 80 முதல் 90 மிதி வரும்படி கியரை வைத்துக்கொண்டால் போதும். என் பேரனின் வேகம் மணிக்கு சுமார் 26 கி.மீ. அந்த வேகத்தில் 50-க்கு 11 கியரில் நிமிடத்துக்கு 45 மிதிதான் வரும். ஒவ்வொன்றும் முக்கி முக்கி மிதிக்க வேண்டும். அதே வேகத்துக்கு 50-க்கு 20 போட்டால் சுமார் 83 மிதி. வேகம் ஒன்றுதான், கால் மட்டும் பிழைத்துக்கொள்ளும்.

கீழே உள்ளவற்றையும் நினைவில் வையுங்கள்:

* புறப்படும்போது எளிய கியர். வேகம் வந்த பிறகு ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

* எதிர்க்காற்று அடித்தாலோ, மேடு வந்தாலோ வீம்பு பிடிக்காமல் எளிய கியருக்கு வாருங்கள். சாலைத் திருப்பத்திலும் அப்படியே. திரும்புவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

* கியர் மாற்றும் நொடியில் பெடலை அழுத்தாமல் லேசாகச் சுற்றுங்கள். இல்லாவிட்டால் செயின் கழன்றுவிடும்.

* கடைசி ஒரு கிலோமீட்டரில் எளிய கியர் போட்டுக் கால்களை வேகமாகச் சுழற்றுங்கள். ஓட்டத்துக்குக் கால் தயாராகும்.

'டைம் டிரையல்' என்று ஒரு போட்டி உண்டு. வீரர்களை ஒவ்வொருவராக இடைவெளி விட்டு அனுப்புவார்கள். போட்டி கடிகாரத்தோடு மட்டும்தான். சைக்கிளை விட்டு இறங்கி ஓட வேண்டியதில்லை என்பதால் முழுத் தெம்பையும் செலவழிக்கலாம். அங்கேயும் மிதியின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஆண்டு என் பேரன் மறுபடியும் போனான். சைக்கிளில் சிலர் அவனை முந்தினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமையாக இருந்தான். பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால், 5 கி.மீ. தூரத்தையும் நிற்காமல் ஓடி முடித்துவிட்டு, "தாத்தா, கணக்கு சரியா வந்துச்சு!" என்று போனில் கத்தினானே, அதைவிடவா பெரிய பரிசு!

உங்கள் சைக்கிளில் கியர் இல்லையா? கவலை வேண்டாம். அதிலும் முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒன்று இருக்கிறதே! சைக்கிளை அசையாமல் நிறுத்திவிட்டு, செயினில் விரல் மாட்டாமல் எண்ணுங்கள். முன்பல்லைப் பின்பல்லால் வகுத்து, சக்கரத்தின் சுற்றளவால் பெருக்குங்கள். உங்கள் ஒரு மிதிக்கு எத்தனை மீட்டர்?