புதுக்கிய பழமை

ஐக்கிய அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் 2023 ஜனவரியில் நிகழ்ந்த ஏலமொன்றில், 1908ஆம் ஆண்டிற் செய்யப்பெற்ற மோட்டார் சைக்கிளொன்று 935,000 டொலருக்கு விலைபோயிற்று. ஹார்லி டேவிட்சன் நிறுவனத்தார் அவ்வாண்டிற் செய்த 450 வண்டிகளுள் அதுவும் ஒன்று. தோற்றத்தில் அது ஒரு துவிச்சக்கரவண்டியே, மிதிகட்டைகளும் உண்டு. ஒற்றை உருளை எஞ்சின், தோற்பட்டி வழியாகப் பின்சக்கரத்தைச் சுழற்றும். பெற்றோல் தாங்கியைச் சட்டத்தோடு பிணைக்கும் உலோகப் பட்டிகளே இவ்வினத்துக்கு 'ஸ்ட்ராப் டாங்க்' என்னும் பெயரை அளித்தன.

மில்வாக்கி நகரில் 1903இல் ஒரு சிறு மரக்கொட்டிலில் தொடங்கிய தொழில் அது. 1908இல் நியூயோர்க் மாநிலத்தில் நடைபெற்ற நெடுந்தூரச் சோதனை ஓட்டத்தில் நிறுவனருள் ஒருவரான வால்ட்டர் டேவிட்சன் தாமே வண்டியைச் செலுத்தி, ஆயிரம் புள்ளிகளையும் குறைவறப் பெற்றார். வேறு விளம்பரம் வேண்டியிருக்குமா?

ஏலத்துக்கு வந்த வண்டி, 1941இல் விஸ்கொன்சின் மாநிலத்துக் களஞ்சியமொன்றிற் கண்டெடுக்கப்பட்டது. கண்டவர் 66 ஆண்டுகள் அதனைப் பேணினார். கைதேர்ந்த வினைஞர் ஒருவர் அதனைப் புதுக்கினார். தாங்கி, சக்கரங்கள், எஞ்சினின் பட்டிக் கப்பி, இருக்கையின் மேலுறை, சைலன்சரின் உறை ஆகியன பழையனவே என்று விற்பனைக் குறிப்புக் கூறிற்று. ஐந்தைப் பெயர்சுட்டிப் பழையன என்றால், சுட்டாதவற்றைப் பற்றி வாங்குவோன் கேட்டேயாக வேண்டும். பழைய மாதிரியைப் பார்த்து இன்று புதிதாய் வார்த்தெடுக்கும் உறுப்புகள் கிடைக்கின்றனவே!

கைபடாத பழமைக்கே மதிப்பு மிகுதி என்பது சேகரிப்போர் பலரின் கொள்கை. 2015இல் அதே நகரில், புதுக்கப்படாத 1907ஆம் ஆண்டு வண்டியொன்று 715,000 டொலர் பெற்றது. மங்கிய வண்ணத்தையும் துருவையும் மீளச் செய்ய இயலாது என்பர். உண்மைதான். ஆயினும் துருவைத் தொழுவதும் ஒருவகைப் பேதைமையே. சட்டத்தை அரிக்கும் துருவை விட்டுவைத்தால் நாளடைவில் வண்டியே இராது.

புதுக்குவது பிழையன்று, புதுக்கியதை மறைப்பதே பிழை. ஏட்டுச்சுவடியைப் பதிப்பிக்கும் நல்லாசிரியர், செல்லரித்த இடத்திலே தாம் ஊகித்து நிரப்பிய சொல்லை அடைப்புக்குறிக்குள் இடுவார். மூலம் எது, தம் ஊகம் எது எனப் படிப்போன் பிரித்தறிவான். பளபளக்கும் நிக்கல் பூச்சில் அவ்வடைப்புக்குறி எங்கே? கண்ணுக்குப் புலப்படாத அதனை ஏட்டிலேதான் எழுதிவைத்தல் வேண்டும். கழற்றுமுன் எடுத்த நிழற்படங்கள், மாற்றிய உறுப்புகளின் பட்டியல், கூடுமாயின் கழித்த பழைய உறுப்புகள் இவற்றையும் வண்டியோடு ஒப்புவிக்குமாறு, விலை பேசுமுன்னரே வாங்குவோன் கேட்பானாக.